ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ் – ஒரு வகுப்பறைப் போர்க்கதையின் ஈர்ப்பும் சலிப்பும்

ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ் என்பது நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக 2019 ஜூலை 26 அன்று வெளியான ஜப்பானிய நிகழ்பட ஆட்டம். இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ், கோயி டெக்மோ ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்க, நிண்டெண்டோ வெளியிட்டது. கட்டம் போட்ட களத்தில் காய்களை முறைவைத்து நகர்த்தும் போரும், பாத்திரங்களைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் நெடுங்கதையும் கலந்த வகையைச் சேர்ந்தது. ஒரு பாதையை முடிக்க ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். இதில் நான்கு பாதைகள் உள்ளன.

ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரம் ஓர் ஆசிரியர் என்பது இதன் தனித்தன்மை. போர்க்கதைகளில் அரசனாகவும் தளபதியாகவும் நிற்பது வழக்கம். இங்கே கையில் வருகைப்பதிவேடு இருக்கிறது என்று சொல்லத்தக்க அளவுக்கு, வகுப்பு நடத்துவதும் தேர்வுக்கு அனுப்புவதும் ஆட்டத்தின் பாதி வேலை. எனவே இக்கட்டுரை இதை ஆசிரியத் தொழிலைப் பற்றிய ஒரு படைப்பாகவும் வைத்து மதிப்பிடுகிறது. கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே சொல்லப்படுகின்றன.

வரிசையின் பின்னணி

ஃபயர் எம்ப்ளம் வரிசையின் முதல் ஆட்டம் 1990 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் ஃபாமிகாம் கருவியில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் ஷோசோ காகா. அவர் வகுத்த ஒரு விதிதான் இந்த வரிசைக்குப் பெயர் வாங்கித் தந்தது: களத்தில் வீழ்ந்த பாத்திரம் திரும்ப வராது. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் விழுந்தால் ஏறிக்கொள்ளும். சதுரங்கத்தில் அடுத்த ஆட்டத்துக்குக் காய்கள் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். ஃபயர் எம்ப்ளத்தில் போனது போனதுதான். காய்க்குப் பெயரும் முகமும் வீட்டுக்கதையும் கொடுத்துவிட்டு இந்த விதியையும் வைத்தால், ஒரு தவறான நகர்த்தல் துக்கமாக மாறிவிடுகிறது.

இந்தக் கடுமை பலரை விலக்கி வைத்தது. 2010-இல் வெளியான ஆட்டத்தில், வீழ்ந்தவர்கள் அடுத்த போரில் திரும்பி வரும் எளிய முறையும் சேர்க்கப்பட்டது. த்ரீ ஹவுசஸில் இரண்டு முறைகளும் உண்டு, தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளலாம். 2007-க்குப் பிறகு, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிக்கு இவ்வரிசையில் வந்த முதல் முதன்மை ஆட்டமும் இதுவே.

கதையும் ஆட்டமுறையும்

ஃபோட்லான் என்னும் கற்பனைக் கண்டத்தில் மூன்று நாடுகள்: அட்ரெஸ்டியப் பேரரசு, ஃபேர்கஸ் முடியரசு, லெய்ஸ்டர் கூட்டணி. மூன்றுக்கும் நடுவில் கேரெக் மாக் என்னும் மடம். அங்கே திருச்சபை நடத்தும் படைப்பயிற்சிப் பள்ளியில் மூன்று நாட்டுப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கிறார்கள். கூலிப்படைத் தலைவனின் பிள்ளையான பைலெத், எதிர்பாராமல் அந்தப் பள்ளிக்கு ஆசிரியராகிறார். கருங்கழுகு, நீலச்சிங்கம், பொன்மான் என்ற மூன்று இல்லங்களில் ஒன்றை அவர் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லத்துக்கு எட்டு மாணவர்கள். தலைவர்கள் முறையே எடெல்கார்ட், டிமிட்ரி, கிளாட். மூவரும் நாளை தத்தம் நாட்டை ஆளப்போகிறவர்கள்.

முதல் பாதி ஒரு கல்வியாண்டு. நாட்காட்டி நகர்கிறது. திங்கட்கிழமை பாடம், ஞாயிறு விடுமுறை, மாதக் கடைசியில் ஒரு போர்ப்பணி. விடுமுறையில் மடத்தைச் சுற்றலாம், மாணவரோடு சேர்ந்து உண்ணலாம், மீன் பிடிக்கலாம், செடி வளர்க்கலாம், காணாமல் போன பொருளை உரியவரிடம் சேர்க்கலாம். இவை மாணவரின் ஊக்கத்தைக் கூட்டும்; ஊக்கம் இருந்தால்தான் பாடம் ஏறும். வாள், ஈட்டி, கோடரி, வில், மந்திரம், குதிரையேற்றம் எனத் திறன்கள் வளர, தகுதித் தேர்வு எழுதி மாணவர் அடுத்த நிலைக்குப் போகிறார்.

இரண்டாம் பாதி ஐந்தாண்டுகளுக்குப் பின் நடக்கிறது. எடெல்கார்ட் தொடங்கிய போரில் கண்டமே எரிகிறது. ஒரே உணவுக்கூடத்தில் உண்டவர்கள் எதிரெதிர் அணிகளில் நிற்கிறார்கள். ஆசிரியர் எந்த இல்லத்தைத் தேர்ந்தாரோ அந்தப் பக்கத்திலிருந்து போரைப் பார்க்கிறோம். கருங்கழுகு இல்லத்தின் கதை நடுவில் இரண்டாகப் பிரிவதால் பாதைகள் நான்காகின்றன.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது

இந்த ஆட்டத்தின் முதல் பலம், மாணவர்கள் ஒரே அச்சில் வார்க்கப்படாமல் இருப்பது. லியோனி வேட்டைக்காரர் வீட்டுப் பெண். அவள் படிப்புக்கு ஊரே பணம் திரட்டிக் கொடுத்திருக்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நினைப்பு அவளை விட்டுப் போவதில்லை. இக்னாட்ஸ் வணிகர் வீட்டு இளைய மகன். படம் வரைய ஆசை; வீட்டார் விருப்பத்துக்காக வில் பிடிக்கிறான். பெர்னடெட்டா அறையை விட்டு வெளியே வரவே அஞ்சுகிறாள். அடக்கமான மனைவியாக வளர வேண்டும் என்று தந்தை அவளை நாற்காலியில் கட்டிவைத்துப் பழக்கியிருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் ஆவடித் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு, இந்த முகங்கள் புதியவை அல்ல. கடன் வாங்கிக் கட்டிய கல்லூரிக் கட்டணத்தைத் தோளில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அவர்கள் அறிவார்கள்.

இக்கதைகள் மொத்தமாகக் கொட்டப்படுவதில்லை. இருவரைப் போரில் அருகருகே நிறுத்தினால் அவர்களுக்குள் பழக்கம் கூடும். பழக்கம் ஒரு படி ஏறினால் ஓர் உரையாடல் திறக்கும். ஆகவே களத்தில் யாரை யார் பக்கத்தில் வைக்கிறோம் என்பதே அடுத்து எந்தக் கதையைக் கேட்கப்போகிறோம் என்பதையும் முடிவுசெய்கிறது. போர் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் எனக் கிழிந்து கிடக்கும் ஆட்டங்களுக்கு நடுவில் இந்தப் பின்னல் அருமையானது.

ஒரு சிறு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். வகுப்பில் ஒரு மாணவர் சரியாகச் செய்யாதபோது, கண்டிக்கலாமா தேற்றலாமா என்று ஆட்டம் கேட்கிறது. விடை எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலர் கண்டித்தால் நிமிர்வார்கள். சிலர் அதே சொல்லில் சுருங்கிப் போவார்கள். யார் எப்படி என்பது, அதுவரை அவர்களோடு பேசிய பேச்சைக் கவனித்தவருக்கே தெரியும். பி.எட். வகுப்பில் தனியாள் வேறுபாடுகள் என்று ஒரு பருவம் முழுக்கப் படிக்கும் விஷயத்தை இரண்டு பொத்தான்களில் வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் பலம், முதல் பாதியின் அன்றாடம் இரண்டாம் பாதியில் வலியாகத் திரும்புவது. பள்ளி நாட்களில் குரோண்டர் சமவெளியில் மூன்று இல்லங்களுக்கும் ஒரு போட்டிப்போர் நடக்கும். விளையாட்டு விழாபோல் உற்சாகமானது. முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து விருந்துண்பார்கள். ஐந்தாண்டு கழித்து, இரண்டு பாதைகளில் அதே சமவெளியில் அதே மூன்று அணிகள் உண்மையான ஆயுதங்களோடு மோதுகின்றன. நம் வகுப்புக்கு அழைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால், அறையை விட்டு வெளியே வர அஞ்சிய பெர்னடெட்டா நடுக்குன்றில் வில்பொறியோடு எதிரணியில் நிற்பாள். அந்தக் குன்றுக்கு அவள் பக்கத்தாரே தீ வைக்கிறார்கள். ஆட்டம் அதற்குத் தனியாக ஒரு சோக இசையோ நீண்ட வசனமோ வைத்து நம்மை அழவைக்க முயல்வதில்லை. அவளோடு ஓராண்டு பள்ளியில் இருந்தோம் என்பதே போதுமானதாக இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே துரோணர் நினைவு வராமல் இராது. நூற்றுவரும் ஐவரும் ஒரே ஆசானிடம் வில் பழகியவர்கள். குருசேத்திரத்தில் அந்தப் பழக்கம் அவர்கள் யாரையும் தடுக்கவில்லை. பாரதத்தில் நாம் பெரும்பாலும் அர்ச்சுனன் பக்கத்திலிருந்து ஆசானைப் பார்க்கிறோம். த்ரீ ஹவுசஸ் நம்மை ஆசானின் இடத்தில் நிறுத்தி, எதிரே நிற்கும் மாணவரைப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஒரு மாற்றமே இதை வழக்கமான போர்க்கதையிலிருந்து உயர்த்துகிறது.

மற்ற இல்லத்து மாணவரை நம் வகுப்புக்கு வரவழைக்கும் வசதியும் இதனால்தான் கனம் பெறுகிறது. ஒவ்வொருவரும் ஒரு திறனை எதிர்பார்ப்பார்கள். பெர்னடெட்டா வர, ஆசிரியருக்கு வில்திறனும் உடல்வலுவும் வேண்டும். முதல் முறை ஆடுபவர் இதை வெறும் ஆள்சேர்ப்பு என்று நினைப்பார். இரண்டாம் முறை ஆடுபவருக்கு அது காப்பாற்றும் வேலை என்று தெரியும். இருபத்து நான்கு பேரையும் காப்பாற்ற வழியில்லை. இல்லத் தலைவர்கள் வரமாட்டார்கள். எவ்வளவு உழைத்தாலும் ஒருவர் எதிரில் நிற்கத்தான் செய்வார்.

சலிப்பு எங்கே இருக்கிறது

நீளம் தானாகக் குற்றமாகாது. திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் கதை நடக்கிறது. ஊர் சலிப்பதில்லை. காரணம், நேற்று நடந்தது இன்று நடப்பதில்லை. த்ரீ ஹவுசஸின் சிக்கல், நேற்று நடந்ததே இன்றும் நடப்பது.

மடத்துச் சுற்றுலா முதல் இரண்டு மாதம் இன்பம். நான்காம் மாதத்தில் அதே குளம், அதே தோட்டம், அதே படிக்கட்டு. காணாமல் போன பொருள் ஒவ்வொன்றையும் யாருடையது என்று தேடி ஓடுவதும், இடம் மாறும்போதெல்லாம் காத்திருப்பதும் கூடிக்கொண்டே போகின்றன. இவற்றைத் தவிர்க்கலாம், ஆனால் தவிர்த்தால் மாணவரின் ஊக்கம் குறையும், போரில் அது தெரியும். விருப்பம் என்று பெயரிட்டுக் கட்டாயமாக்கிய சிறப்பு வகுப்புபோல இது.

பெரிய குறை மறு ஆட்டத்தில் வெளிப்படுகிறது. முதல் பாதியின் பன்னிரண்டு அத்தியாயங்கள் எந்த இல்லத்தைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றே. அதே கலகம், அதே கல்லறைக் கொள்ளை, அதே மாதப்பணிகள். மாணவரின் முகமும் சில உரையாடல்களும் மட்டும் மாறும். மூன்று பக்கத்து நியாயத்தையும் அறிய விரும்புபவர், ஒரே கல்வியாண்டை மூன்று முறை படிக்க வேண்டும். இரண்டாம் பாதியிலும் பல போர்க்களங்கள் பாதைக்குப் பாதை திரும்ப வருகின்றன. எடெல்கார்டோடு நிற்கும் பாதை 18 அத்தியாயங்களில் முடிந்துவிடுகிறது. பொன்மான் பாதைக்கும் நீலச்சிங்கப் பாதைக்கும் 22. போரைத் தொடங்கியவளின் நியாயத்துக்கே குறைவான இடம் கிடைத்திருப்பது, நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லும் ஒரு படைப்பின் சமநிலையைக் கெடுக்கிறது.

அடுத்தது காலத்தைத் திருப்பும் ஆற்றல். ஒரு போரில் சில தடவை, நகர்த்திய காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். புதியவருக்கு இது நல்ல உதவி. மாணவர் இறந்துவிட்டால் 40 நிமிடப் போரை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் காகா வைத்த பழைய விதியின் கூர்மை இதனால் மழுங்கிவிட்டது. இயல்பான கடினநிலையில் கவனமாக ஆடுபவர் யாரையும் இழக்காமலே முடித்துவிடலாம். பைலெத்தின் தந்தை ஜெரால்ட் கொல்லப்படும் காட்சியில் மட்டும் இந்த ஆற்றல் பலிப்பதில்லை. அவர் அதைப் பயன்படுத்தியும் தந்தையைக் காக்க முடியாமல் போகிறது. நல்ல காட்சிதான். ஆனால் நம் கையால் நேர்ந்த இழப்பையெல்லாம் அழிக்க இடம் கொடுத்துவிட்டு, எழுத்தாளர் முடிவுசெய்த இழப்பை மட்டும் அழியாமல் வைப்பது, துக்கத்தை ஆட்டத்திலிருந்து எடுத்துக் கதையிடம் ஒப்படைத்துவிடுகிறது.

தகுதித் தேர்விலும் இதே தளர்வு. தேர்ச்சி வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று காட்டப்படும். தோற்றால் தேர்வுக்கான முத்திரை வீண். சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பி, தேர்ச்சி வரும்வரை எழுதவைப்பது ஆட்டக்காரர் பலரின் வழக்கம். மாணவர் என்ன படித்தார் என்று சோதிக்க வேண்டிய தேர்வு, பகடை உருட்டலாகிவிடுகிறது.

பிறப்பும் தகுதியும்

கதையின் அடியில் ஓடும் கேள்வி பிறப்பைப் பற்றியது. ஃபோட்லானில் உயர்குடியினர் சிலரின் இரத்தத்தில் ஒரு சின்னம் வரும். சின்னம் இருந்தால் மரபுரிமை. இல்லாவிட்டால் மூத்த மகனானாலும் வெளியே. சில்வெய்னின் அண்ணன் மிக்லான் அப்படித் துரத்தப்பட்டுக் கொள்ளைக்காரனாகி, வீட்டின் புனித ஈட்டியைத் திருடி, சின்னமில்லாதவன் அதை ஏந்தியதால் விலங்காகி அழிகிறான். லிசித்தியா என்ற சிறுமிக்குச் சின்னத்தை வலிந்து புகுத்தியதால் ஆயுளே குறைந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டையே ஒழிப்பேன் என்பதுதான் எடெல்கார்டின் போர். கர்ணனிடம் திறமையைப் பார்க்காமல் குலம் கேட்ட அரங்கத்தையும், ஏகலைவனின் கட்டைவிரலையும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியின் சூடு உடனே உறைக்கும்.

உரையாடல்களில் ஆட்டம் பிறப்புரிமையைக் கடுமையாகக் கண்டிக்கிறது. கணக்கிலோ அதற்குப் பரிசளிக்கிறது. சின்னம் உள்ள மாணவருக்குப் போரில் கூடுதல் பலன்கள். பொருந்தும் சின்னமுள்ளவர் புனித ஆயுதத்தை ஏந்தினால் முழு வலிமை. சின்னமில்லாதவர் ஏந்தினால் அவருக்கே காயம். கொள்கையால் எடெல்கார்டோடு உடன்படும் ஆட்டக்காரரும், வெல்ல வேண்டுமென்றால் உயர்குடிப் பிள்ளைகளின் கையில்தான் அந்த ஆயுதங்களைக் கொடுப்பார். இந்த முரண்பாட்டை ஆட்டம் எங்கும் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. உழைத்து முன்னேறும் லியோனியைத் தேர்ந்து வளர்த்தால் அவளும் சிறந்த வீராங்கனையாகிறாள் என்பது உண்மை. அந்த வாய்ப்பு ஆட்டக்காரரின் கவனத்தில் இருக்கிறது, விதிகளில் இல்லை.

ஆசிரியர் என்ற பாத்திரம்

பைலெத் ஏறக்குறைய வாய் திறப்பதில்லை. நாம் தேரும் விடைகளும் பெரும்பாலும் கதையை மாற்றுவதில்லை. ஆனால் மாணவர் அனைவரும் அவரைப் போற்றுகிறார்கள். ஆசிரியரைச் சந்தித்ததால்தான் தங்கள் வாழ்வு மாறியது என்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்று கேட்டால், தேநீர் கொடுத்தார், பரிசு கொடுத்தார், திறன் எண்ணைக் கூட்டினார் என்றே சொல்ல முடியும். உண்மை வகுப்பறையில் ஆசிரியரை எதிர்த்துப் பேசும் பிள்ளை, பிடிக்காமல் போகும் பிள்ளை, எவ்வளவு முயன்றும் எட்டாத பிள்ளை எல்லாரும் உண்டு. எட்டு பேர் கொண்ட வகுப்பு என்பதே நாற்பது, ஐம்பது பேருக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு கனவு. அந்த எட்டு பேரும் ஆசிரியரை ஒருமனதாக நேசிப்பது அதற்கு மேலான கனவு.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கதையின் முடிவில் ஆசிரியர் தம் பழைய மாணவரில் ஒருவரை மணக்கலாம். ஐந்தாண்டு கடந்துவிட்டது, எல்லோரும் வளர்ந்தவர்கள் என்று ஆட்டம் சமாதானம் சொல்கிறது. ஆனால் அந்த நெருக்கத்துக்கான படிகள் பள்ளி நாட்களிலேயே, தேநீர் மேசையில், பரிசுப் பொருளில் தொடங்கிவிடுகின்றன. மாணவர் ஆசிரியரை நம்பிச் சொல்லும் வீட்டுத் துயரம், பின்னால் மணத்துக்கான படிக்கட்டாகக் கணக்கிடப்படுகிறது. ஆசிரியர் மீது பிள்ளை வைக்கும் நம்பிக்கை வேறு எதற்கும் முதலாகக் கூடாது என்பது இத்தொழிலின் அடிப்படை. இந்தத் தெரிவை எடுத்துவிட்டால் கதைக்கு எந்த நட்டமும் இல்லை.

நம் சூழலில் இந்த ஆட்டம்

ஆட்டம் வெளிவந்தபோது நிண்டெண்டோவுக்கு இந்தியாவில் நேரடி விற்பனை இல்லை. கருவியையும் ஆட்டத்தையும் இறக்குமதிக் கடைகளில் கூடுதல் விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. ஒலிக்கும் மொழிகள் ஆங்கிலமும் ஜப்பானியமும்; தமிழ் எழுத்துவடிவிலும் இல்லை. எனவே அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிகழ்பட ஆட்டம் என்றால், கைப்பேசியில் இருபது முப்பது நிமிடத்தில் முடியும் சுடும் ஆட்டம்தான். பெற்றோரின் அச்சமும் அதைப் பார்த்து எழுந்ததே. அந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. 50 மணி நேரம் என்பது ஒரு மாணவரின் வாழ்வில் சிறிய தொகை அல்ல. ஆனாலும் எல்லா ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுப்பது, எல்லாப் புத்தகத்தையும் ஒரே புத்தகம் என்பதுபோல.

முதன்முறை ஆடுபவருக்குச் சில யோசனைகள். பக்கத்து நியாயங்களை எல்லாம் உடனே பார்த்துவிட வேண்டும் என்று நான்கு பாதைகளையும் அடுத்தடுத்து ஆட வேண்டாம். ஒன்றை முழுமையாக ஆடி, ஓராண்டு இடைவெளி விடலாம். மடத்துச் சுற்றுலாவை மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, மற்ற ஞாயிறுகளில் ஓய்வோ போரோ தேரலாம். போர்க் காட்சிகளின் அசைவூட்டத்தை நிறுத்திவிட்டால் நேரம் வெகுவாக மிச்சமாகும். சதுரங்கமோ ஆடுபுலியோ பழகியவர்கள், வீழ்ந்தவர் திரும்பாத முறையையே தேரலாம். காலத்தைத் திருப்பும் ஆற்றலைத் தாங்களாகவே தொடாமல் இருந்து பார்க்கலாம். அப்போதுதான் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடை வரும்.

மதிப்பீடு

த்ரீ ஹவுசஸ் ஒரு பெரிய எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட, அளவு தெரியாத ஆட்டம். பாதி நேரம் நம்மை அலையவிடுகிறது. ஒரே ஆண்டைத் திரும்பத் திரும்ப நடத்துகிறது. எதை எதிர்க்கிறதோ அதற்கே பலன் கொடுக்கிறது. ஆசிரியரைப் போற்றுவதில் ஆசிரியரின் வேலையை மறந்துவிடுகிறது. இத்தனையும் சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. எதிரணிக் கட்டத்தில் ஒரு பெயரைப் பார்த்ததும், அவளுக்குக் கண்டிப்பு பிடிக்காது, தேற்றினால் போதும் என்று நினைவு வருகிறது. அம்பு பாயும் தூரத்தில் அவள் நிற்கிறாள். பொத்தானை அழுத்தத் தயங்கும் அந்தச் சில நொடிகளை, இத்தனை மணி நேரச் சலிப்பின் வழியேதான் இந்த ஆட்டம் சம்பாதித்திருக்கிறது. குறுகிய ஆட்டம் எதனாலும் அதைத் தந்திருக்க முடியாது. ஒரு முறை, ஒரு பாதை, பொறுமையோடு ஆடத்தக்கது.